காசு குடுத்து மறியல்

மச்சான்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதேல்லை எண்டு நீ பல்லைக் கடிக்கிறது இஞ்சை கேக்குது. மனுசி சுகம், பிள்ளையள் சுகம், என்ரை சீனி வருத்தமும் நல்ல சுகமாய் இருக்கு. இனி விசயத்துக்கு வாறன். யாழ்ப்பாணம் ஊருக்குப் போன இடத்திலை, கடலுக்கு நடுவிலை நிக்கிற கடற்கோட்டையிலை படுத்தெழும்பினன்.

ஓம், அதேதான். காரைநகரிலையிருந்து ஊர்காவற்துறைக்குப் பாதைப் படகிலை போகேக்கை தெரியுமே, உள்ளுக்கை பேய் இருக்கெண்டு நீ வைரவர் மேலை சத்தியம் பண்ணின கோட்டை. இப்ப கடற்படை நடத்துற ஹோட்டல். காரைநகர்த் தளத்துக்கு அவங்கள் வைச்சிருக்கிற பேர் எலார, எங்கடை தமிழ் ராசா எல்லாளன்! சரித்திர வாத்தியார் இருந்திருந்தால் வேட்டியை மடிச்சுக் கட்டியிருப்பார். கரையிலை படகிலை ஏத்தி விடுறாங்கள், ஒரு சிகரட் பத்தி முடிக்கேலாது, அதுக்குள்ளை வந்திடும். மாமிக்குச் சொன்னன். "காசு குடுத்து மறியலுக்குப் போறியோ?" எண்டா.

அவ சொன்னதிலை பிழையில்லை. வெள்ளைக்காரன் மறியலாய், சிறைச்சாலையாய் வைச்சிருந்த இடம். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி. எண்ட சிங்கள இடதுசாரிக் கட்சிப் பெடியளையும் அங்கை அடைச்சு வைச்சவங்கள். இப்ப ஏசி, வெள்ளை விரிப்பு, கட்டில்லை துவாயை மடிச்சுச் செய்த அன்னம். மனுசி அந்த அன்னத்தைக் கலைக்க விடேல்லை. ரெண்டு பேரும் ஒரு துவாயாலை துடைச்சம்.

மதில் முழுக்க முருகைக்கல். கிட்டப் போனால் கல்லுக்குள்ளை பூப்பூவாய்த் தெரியுது, கை வைச்சால் அரம் மாதிரிக் கீறுது. 1658இலை ஒல்லாந்தர் முற்றுகை போடேக்கை, குடிக்கத் தண்ணி இல்லாமல்தான் போர்த்துக்கேயர் கையைத் தூக்கினவை. சுத்திவரக் கடல், வாய் நனைக்க வழியில்லை. குடத்தோடை நல்லதண்ணிக் கிணத்தடியிலை நிண்டு வளர்ந்த எங்களுக்கு இது புதுக்கதையோ? போத்தல் தண்ணியை மேசையிலை வைச்சுக்கொண்டு யோசிச்சன், குடிக்க மனம் வரேல்லை. பேந்து குடிச்சன்தான்.

பகிடி விடு. இரவு சாப்பாடு கொண்டந்த கடற்படைப் பெடியனுக்கு இருபது வயசு இருக்கும், 2009இலை சண்டை முடியேக்கை சின்னப் பிள்ளையாய் இருந்திருப்பான். நல்ல பெடியன். முள்ளெடுத்த மீன் துண்டைப் பாத்து என்ரை கோப்பையிலை போட்டான். "சேர், யாழ்ப்பாணம் முதல் தரமோ?" எண்டு அரைகுறைத் தமிழிலை கேட்டான்.

நான் "ஓம்" எண்டிட்டன்.

மனுசி என்னை நிமிர்ந்து பாத்தாள், ஒண்டும் கேக்கேல்லை. ஊர்ப்பேரைச் சொன்னால் எப்ப போனீங்கள், ஏன் போனீங்கள் எண்டு அடுத்த கேள்வி வரும். அவன்ரை கையாலை சாப்பிட்டுக்கொண்டு அவனுக்கு அதைச் சொல்ல ஏலாது மச்சான். சொல்லாமல் விட்டதும் நெஞ்சுக்குள்ளை முள்ளாய் நிக்குது. அவன் என்ன செய்தவன்? நான்தான் என்ன செய்தனான்?

நீ சித்திரைக்கு வரேக்கை அங்கை தங்கு எண்டும் சொல்லமாட்டன், வேண்டாமெண்டும் சொல்லமாட்டன். மீன் நல்லாய்ப் பொரிக்கிறாங்கள், அவ்வளவுதான் நிச்சயமாய்ச் சொல்லலாம். திட்டுறதெண்டால் எழுதித் திட்டு. குரல் பதிவு அனுப்பாதை, இவள் சத்தமாய்ப் போட்டுக் கேப்பாள்.

உன்ரை,
கட்டையன்