பெயர் இல்லாததற்கு நாமாகப் பெயர் வைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வரும் வரிசையை முதல் வாரத்திலிருந்து விடாமல் படிக்கிறேன். இதையெல்லாம் தமிழில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறாரே என்று அவ்வளவு சந்தோஷம். ஆனால் போன வாரம் இரண்டு இடத்தில் மனசு ஒப்பவில்லை. உப்பு உறிஞ்சும் அந்தப் பிராணிக்கு ‘உப்பு ரத்தக்காட்டேரி இனம்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். கடைசியில் ‘இவை தவிரப் பெயர் தெரியாத உயிரினங்களும் பல உண்டு’ என்று ஒரே வரியில் மீதி எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள்.

முதலில் உப்புப் பிராணி. 1966 செப்டம்பர் 8-ம் தேதி அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் முதன்முதலாக ஒளிபரப்பான அன்றைக்கு வந்தது இதுதான். எம்-113 என்ற கிரகத்தில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்று. விண்கப்பலின் டாக்டர் மெக்காய் முன்னால் வந்து நிற்கும்போது அவர் பழைய காதலியின் முகத்தோடு நிற்கும், அதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு வேறு ஆளாகத் தெரியும். அது எடுப்பது ஆள் உடம்பிலுள்ள உப்பை மட்டும்தான். செத்தவர் முகத்தில் சிவப்பு வளையங்கள் தெரியும், ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரத்தக்காட்டேரி என்பது ரசிகர்கள் பிற்பாடு வைத்த பட்டப்பெயர். கதையில் ஒருவர்கூட அதன் இனத்துக்கு ஒரு பெயர் சொல்வதில்லை. அழிந்துபோன அமெரிக்க எருமைக் கூட்டங்களோடு அதை ஒப்பிட்டு ஒரு பேராசிரியர் பேசுவார், முடிவில் அது சுடப்பட்டுச் செத்த பிறகு கேப்டன் கிர்க் அந்த எருமைகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு இனத்தின் கடைசி உயிர், பெயர்கூடத் தெரியாமல் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அந்த எபிசோடின் கனமே. நாமாக ஒரு பேய்ப் பெயரை ஒட்டினால் அது போய்விடுகிறது.

அப்படியானால் என்ன எழுதுவது? கண்ணால் பார்த்ததை எழுதலாமே. உடம்பெல்லாம் சடை முடி, குழிவிழுந்த சோகமான கண்கள், வட்டமான வாய், விரல்களில் உறிஞ்சு குழிகள். செய்தவர் வா சாங், இதே தொடரில் வரும் டிரிபிள்கள் என்ற முடிப்பந்து போன்ற பிராணிகளையும் வடிவமைத்த கலைஞர். இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: 1967 ஜனவரியில் வந்த வேறொரு எபிசோடில், டிரிலேன் என்பவனின் மாளிகைச் சுவர் மாடத்தில் இதே உருவம் ஜடமாக நிற்கும், மெக்காய் அதை நின்று பார்ப்பார். கடைசி ஒன்றுதான் செத்துவிட்டதே, அப்போது இது எது? பதப்படுத்திய உடலா, வெறும் சிலையா? தொடர் சொல்லவில்லை. நாமும் முடிவு கட்டாமல் ‘மாடத்தில் காணப்பட்டது’ என்று மட்டும் குறித்து வைப்பதுதான் நேர்மை.

இப்போது அந்த ஒற்றை வரி. பிற்பாடு வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் குவார்க் என்பவனின் மதுக்கடையை நினைத்துப் பாருங்கள். 1993 முதல் 1999 வரை ஏழு சீசன், பின்னால் நடந்துபோகிறவர்களும் மூலை மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களும் எத்தனை முகம்! ஒவ்வொன்றும் மைக்கேல் வெஸ்ட்மோரின் மேக்கப் குழு ஒட்டியும் வரைந்தும் உண்டாக்கியது, ஒவ்வொன்றுக்குள்ளும் சம்பளத்துக்கு வந்து பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒரு துணை நடிகர். மார்ன் என்ற பாத்திரமும் அந்தக் கும்பலில் ஒருவன்தான். அவனாக நடித்த மார்க் ஆலன் ஷெப்பர்ட் ஏழு சீசனும் ஒரு வார்த்தை பேசாமலே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ரசிகர் மனசில் இடம் பிடித்தார். அவனுக்குப் பெயரும் கிடைத்தது, தனியாக ஒரு எபிசோடும் கிடைத்தது. பக்கத்து ஸ்டூல்காரருக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவரைப் பட்டியலிலிருந்தே விட்டுவிடுவதா?

பட்டியல் போடுவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. பல வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், சிக்கல் தெரியும். பழைய முகமூடிக்கே வேறு வர்ணம் அடித்து, விக்கை மாற்றிப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். அது ஒரே இனமா, இரண்டா? நான் இரண்டாக எழுதி, ‘அந்த நெற்றியே இதிலும்’ என்று பக்கத்தில் குறித்துவிடுவேன். பெயர் காகிதத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. 1979-ல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்துக்கு உடை வடிவமைத்த ராபர்ட் ஃப்ளெட்சர் பின்னணி இனங்களுக்கு மெகரைட், ஸாரனைட் என்றெல்லாம் பெயரிட்டிருந்தார், படத்தில் யாரும் அவற்றை உச்சரிக்கவில்லை. அவற்றை எழுதலாம், எங்கிருந்து வந்த பெயர் என்றும் கூடவே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவதால் நஷ்டமும் இல்லை. மனித உருவ இனங்களுக்கெல்லாம் மூதாதையான ஆதி இனம் ஒன்று 1993-ல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்தது, பெயர் சொல்லாமல். 31 வருஷம் கழித்து 2024-ல் டிஸ்கவரி தொடர் அவர்களை ப்ரொஜெனிட்டர்கள் என்று அழைத்தது. நடுவில் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் எழுதி வைத்தவர்கள் அடித்துத் திருத்தியிருப்பார்கள். கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அந்த வேலையே இல்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. நெக்ஸ்ட் ஜெனரேஷனை மூல ஃபிலிமிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து 2012 முதல் ப்ளூ-ரேயில் தெளிவாக வெளியிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனுக்கு அது நடக்கவில்லை, இன்றும் பழைய வீடியோ டேப் தரத்தில்தான் பார்க்கிறோம், பின்வரிசை முகங்கள் கரைந்துதான் தெரிகின்றன. அந்த முகமூடிகளும் உடைகளும் ஒரு இடத்தில் இல்லை. 2006 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் மட்டும் ஆயிரம் ஏலத் தொகுதிகளுக்கு மேல் ஸ்டார் ட்ரெக் பொருட்கள் கைமாறின.

அதனால் கேட்கிறேன்: அடுத்த வாரம் தலைப்பைத் திருத்தி ‘பெயரிடப்படாதது, எம்-113’ என்று போடுங்கள். அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக வாரம் ஒரு பெயரற்ற முகத்துக்கு, எந்த எபிசோட், எந்தக் காட்சி, நெற்றி எப்படி, காது எப்படி என்று நாலு வரி ஒதுக்குங்கள். என் நோட்டைப் பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்