வெறுங்கையோடு போன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய எழுத்தாளர்களைப் புத்தகக் கடைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஓர் அன்பர் மனம் வெதும்பி எழுதியிருந்தார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்படித் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருத்தி. தவறு என்மேல்தான் என்பது உறைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டி சொன்ன கதைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சொந்தக் காசில் 300 பிரதி அச்சிட்டேன். இங்கே பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இல்லாமல் எதுவும் நகராது. அச்சகத்திலிருந்து வந்த சூட்டோடு, ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, இருபது பிரதிகளை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கல்லாவில் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் பெட்டியை மேசைமேல் வைத்து என் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். கடைக்காரர் ஒரு பிரதியைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம், பக்கவாட்டில் பெயர் போட முதுகே கிடையாது. "ஆன்ட்டி, இதை அலமாரியில் செருகினால் யார் கண்ணிலும் படாதே" என்றார். ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணும் பின்னட்டையில் இல்லை. கல்லாவில் எதை வைத்துப் பில் போடுவது என்று கேட்டார். பெட்டியோடு வீடு திரும்பினேன். வழி நெடுக அவரைத் திட்டியதெல்லாம் அச்சில் ஏறாது.

அந்த எண்ணைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வெளியிடும் நூலில் ஐந்து பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியாது. இதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடிய குறைகள். சரிசெய்ய முடியாதது வேறு. அந்தக் கடையில் அதுவரை நான் ஒரே ஒரு புத்தகம்கூட வாங்கியதில்லை. சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூடத் தட்டில் பூவும் பழமும் எடுத்துப் போகிறார்கள். நான் விற்கவேண்டிய சரக்கை மட்டும் எடுத்துப் போயிருக்கிறேன்.

இரண்டாம் பதிப்புக்கு முதுகு வைத்தேன். பிறகு வேறொரு சிறு கடைக்குச் செவ்வாய்க்கிழமை காலைகளில் போக ஆரம்பித்தேன். சரக்கு பிரித்து அடுக்குகிற நேரம் அது, கடைக்காரம்மாவுக்குப் பேச ஓய்வு இருக்கும். மாதம் ஒரு புத்தகம் வாங்குவேன். நாலாவது மாதம் அவரே "நீங்கள் எழுதுவீர்களா?" என்று கேட்டார். ஒரு பிரதியைக் கொடுத்து, இது விற்பதற்கு இல்லை, உங்களுக்கு என்றேன். படித்துவிட்டு ஐந்து பிரதி கேட்டார். விற்ற பிறகு பணம் என்பது ஏற்பாடு. எத்தனை பிரதி, என்ன விலை, எப்போது கணக்கு என்று இரண்டு பேரும் சீட்டில் கையெழுத்துப் போட்டோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விலை எங்கள் நாட்டுப் பணத்தில் 230 ராண்ட். அவர் எழுதிக் காட்டியபடி 15 விழுக்காடு வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரிக்கு 30 போய்விடும். மீதி 200இல் கடைக்கு 40 விழுக்காடு, அதாவது 80. எனக்கு 120. அச்சுக் கூலி போக ஏதோ மிஞ்சுகிறது. பகல்கொள்ளை என்று என் தங்கை சொன்னாள். கடை வாடகை அவள் கட்டுவதில்லை.

கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இன்னொரு கடையில் விற்ற மூன்று பிரதிக்கு எட்டு மாதம் அலைந்தேன். சீட்டு இருந்ததால் பணம் வந்தது.

டர்பன் புளோரிடா சாலையில் உள்ள ஐக்ஸ் புத்தகக் கடையைப் பலர் அறிந்திருப்பார்கள். ஐக் மாயெட் தொடங்கியது. அங்கே வந்துபோன எழுத்தாளர்கள் சுவரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, எதுவும் வாங்காமல் இறங்கிப் போகிற எழுத்தாளர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். யுனெஸ்கோ 2017இல் டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது, ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக. அந்தப் பட்டம் கடை வாடகையைக் கட்டாது.

நம்மவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வெளியீட்டு விழாவைக் கோயில் மண்டபத்தில் வைத்து, பிஸ்கட் டப்பாவில் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வது. அமேசான் 2024 மே மாதம் இங்கே இணையக் கடை திறந்த பிறகு, "அதிலும் கிடைக்கும்" என்று மேடையிலேயே அறிவிப்பும் செய்கிறார்கள், முன்வரிசையில் புத்தகக் கடைக்காரர் உட்கார்ந்திருக்க! நான் அந்தக் கடைக்காரம்மாவையே மண்டபத்தில் மேசை போடச் சொன்னேன். என் புத்தகத்தோடு மற்றவர்களுடையதும் விற்றது. அவர் கடை எங்கே இருக்கிறது என்று எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் பத்துப் பேருக்காவது அன்றுதான் தெரிந்தது.

காலமும் பார்க்க வேண்டும். 1860இல் ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கிய நவம்பர் 16 நெருங்கும்போது, ஒப்பந்தக் கூலிகள் பற்றிய புத்தகங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். நவம்பர் 14ஆம் தேதி பெட்டியோடு போய் நின்றால் யாருக்கும் பயனில்லை. ஆகஸ்டிலேயே பேசிவைக்க வேண்டும்.

சென்ற இதழில் எழுதிய அன்பரிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள்: அவர் கடைக்குப் போனது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்