மொட்டைக்கறுப்பனும் ரோஜர்ஸும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சின்னராசாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம், எண்ணெயே போதும் என்று நீர் பிடிவாதம் பிடிப்பதை வாசித்துச் சிரித்தேன். எவரெட் ரோஜர்ஸ் இருந்திருந்தால் உம்மைக் கடைசி 16 சதவீதத்தில் சேர்த்திருப்பார்.

பெயர் நினைவிருக்கிறதா? விவசாய உத்தியோகத்தர் பயிற்சிக் காலத்தில் கரும்பலகையில் மணியைக் கவிழ்த்தது போல் ஒரு வளைகோடு கீறி, புதுமையை முந்தி ஏற்பவர் 2.5 சதவீதம், அடுத்து 13.5, பிறகு 34, 34, கடைசியில் பின்தங்கியோர் 16 என்று பாடமாக்க வைத்தார்களே, அந்த ஆய்வாளருடைய கணக்குத்தான். 1962இல் வந்த ‘புத்தாக்கங்களின் பரவல்’ என்ற நூலின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பை மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அதற்கு அடுத்த ஆண்டு மனிதர் காலமாகிவிட்டார்.

அவரும் கமக்காரன் மகன்தான். 1931இல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தவர். தகப்பனுக்கு இயந்திரம் என்றால் உயிர். கலப்பினச் சோள விதையை மட்டும் தொடமாட்டாராம். 1936 வறட்சியில் அயலவனின் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, இவர்களுடைய பயிர் வாடிப்போனது. பிறகுதான் தகப்பன் மனம் மாறினார். புதுமையை ஏன் ஒருவர் உடனே ஏற்கிறார், இன்னொருவர் ஏன் மறுக்கிறார் என்று மகன் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

என்னை உறுத்தியது வேறு இடம். 1954இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் கமக்காரர்களைப் பேட்டி கண்டபோது, ஒருவர் இரசாயனம் எதையும் வயலில் விடமாட்டேன் என்றாராம். அயலவர்கள் மண்புழுவையும் பாட்டுக் குருவிகளையும் கொல்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. புதுமையை ஏற்பதற்குப் புள்ளி போட்டுப் பார்த்தால் அவர்தான் கடைசி. பல ஆண்டுகள் கழித்து, இயற்கை வேளாண்மையில் அந்த மனிதர் எல்லோருக்கும் முந்தியவர், தாம்தான் பிழையாக அளந்துவிட்டோம் என்று ரோஜர்ஸ் தம் நூலிலேயே எழுதுகிறார். தன் அளவுகோலைத் தானே முறிக்க எத்தனை அறிஞர்களுக்கு மனம் வரும்?

அதை வாசித்ததும் பரந்தன் அப்பு கண்முன் வந்துவிட்டார். பீஜி என்ற புதிய இன நெல்லை விதைக்க எவ்வளவு சொல்லியும் தம் பழைய நாட்டு நெல்லை விடாமல், “மொட்டைக்கறுப்பன் பசளை கேளாது தம்பி” என்று சொல்லிவிட்டு, பனங்கட்டியும் வெறுந்தேநீரும் தந்து அனுப்பினாரே! திரும்பி வந்து அறிக்கையில் ‘பின்தங்கியவர்’ என்று எழுதியவன் நான். கீழே கையெழுத்து வைத்தவர் நீர். நாம் பரப்பிய பீஜி நெல்லால் பல வீடுகளில் பானை நிறைந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். அறிக்கை முழுவதும் பொய்யல்ல, அந்த ஒரு சொல்தான்.

நேற்றுப் பின்னேரம் காலி வீதிக் கடையொன்றில் கண்ணாடித்தாள் பையில் மொட்டைக்கறுப்பன் அரிசி இருந்தது. மற்ற அரிசிகளைவிட விலை கூட. ஒரு கிலோ வாங்கினேன். இன்று காலை கஞ்சி காய்ச்சினோம்; மத்தியானம் வரை பசிக்கவில்லை.

அப்புவின் பேரன்மார் யாராவது இன்னும் வயல் செய்கிறார்களா? அந்தப் பக்கம் போனால் விசாரித்து எழுதும். எண்ணெயை விடாமல் பூசும். ஆனால் வைத்தியரையும் ஒருமுறை பாரும்.

அன்புடன்,
தியாகு