டன்ஸ்டன் மாலைக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அடிலெய்ட் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்வர் டான் டன்ஸ்டனைப் பற்றித் தமிழில் ஒரு கூட்டம் என்றதும், "யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்டவர்களே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் நன்றி அவர்களுக்குத்தான்.

மண்டப வாடகைக்கு நன்கொடை கேட்கவில்லை. காலி டின்களையும் பாட்டில்களையும் வீடு வீடாகச் சேர்த்துக் கொடுத்து, ஒன்றுக்கு 10 சென்ட் வாங்கினோம். குளிர்பானம் ஒழுகும் மூட்டைகளைத் தங்கள் காரில் ஏற்றிய தம்பிகளே, நன்றி. கார் இன்னும் மணக்கிறதாமே! போகட்டும், பாட்டிலுக்குக் காசு தரும் சட்டம் 1975-இல் டன்ஸ்டன் ஆட்சியில்தான் வந்தது.

1966-ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கிய அக்காவுக்கு நன்றி. தோல் நிறத்தைக் காட்டி ஒருவரைக் கடையிலோ விடுதியிலோ மறுக்கக்கூடாது என்றது அது. அதற்கு முந்தைய ஆண்டே, வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கோட்பாட்டைத் தம் தொழிற்கட்சியின் கொள்கையிலிருந்து நீக்கப் பாடுபட்டவர்களில் டன்ஸ்டனும் ஒருவர். நாம் இங்கே குடியேற வழிவிட்ட மாற்றங்களில் அதுவும் ஒன்று.

1976 ஜனவரியில் கடல் பொங்கி நகரை அழிக்கும் என்று ஒருவர் ஆரூடம் சொல்ல, டன்ஸ்டன் கிளெனெல்க் கடற்கரைக்கே போய் நின்றார். அன்று கூட்டத்தில் நின்ற எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்க ஆரம்பித்தார். ஆனால் 2004 சுனாமியில் உறவுகளை இழந்தவர்களும் நம் அவையில் இருந்தார்கள். யாரோ காதில் சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டு, அவர்களைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். ஐயா, அந்தப் பக்குவத்துக்கு நன்றி.

அப்புறம், "அவரைத் தெய்வமாக்காதீர்கள்" என்று எழுந்த அண்ணன்! 1978-இல் காவல் ஆணையரைப் பதவிநீக்கியது சரியா என்று கேட்டார். விசாரணை ஆணையம் சரியென்றதே என்றோம். "ஆணையத் தலைவர் ரோமா மிட்செலை 1965-இல் நீதிபதியாக்கியதே டன்ஸ்டன்தானே?" என்று மடக்கினார். மிட்செலின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அரைமணி நேரச் சூடு இல்லாவிட்டால் கூட்டம் வெறும் புகழுரையாகியிருக்கும்.

சமையல் புத்தகம் எழுதிய முதல்வருக்கு ஏற்றபடி வடையும் சுண்டலும் செய்த சகோதரிகளுக்கும், கடைசி நாற்காலி வரை மடக்கி அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. எவர்சில்வர் தூக்கு ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
கூட்ட ஏற்பாட்டாளர்