எத்தனை அங்குல இயந்திரம் உனக்கு வேண்டும்

மண்டபம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே அடைமழை தொடங்கிவிட்டது. பாம்பன் பக்கம் காற்று பலமாக இருப்பதால் நாட்டுப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. ஒட்டாவாவில் இன்னும் சில வாரங்களில் பனி விழத் தொடங்கிவிடும் என்பதால், பனியை வாரி அப்பால் வீசும் ஸ்னோபுளோயர் இயந்திரம் வாங்குவது பற்றி நீ தொலைபேசியில் கேட்டதற்கு முழுமையாகப் பதில் எழுதிவிடுகிறேன். பேச்சில் பாதி விட்டுப்போகும். எழுத்தில் இருந்தால் மாப்பிள்ளையும் நிதானமாகப் படித்துப் பார்ப்பார்.

மாப்பிள்ளை 30 அங்குல அகலமுள்ள பெரிய இயந்திரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். நீயோ 18 அங்குலத்தில் சிறிய பேட்டரி இயந்திரம் போதும் என்கிறாய். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் பாடம் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் என்ற முறையிலும், சென்ற குளிர்காலத்தில் உன் வீட்டில் தங்கியிருந்து அந்தப் பனியைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: இரண்டுமே உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 24 அங்குல அகலமுள்ள, பெட்ரோலில் ஓடும், இரண்டு கட்ட இயந்திரம்தான் உங்களுக்கு ஏற்றது. காரணங்களைச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்.

கடைக்காரர்கள் முதலில் பாதையின் அளவைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டு முன்பாதை இரண்டு கார் நிற்கும் அகலம், அதாவது 20 அடி. நீளம் 50 அடி. ஆக 1000 சதுர அடி. ஓர் அடி உயரத்திற்குப் பனி விழுந்தால் 1000 கன அடி, அதாவது ஏறத்தாழ 28 கன மீட்டர் பனியை நீங்கள் அகற்ற வேண்டும். புதிதாக விழுந்த சாதாரணப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது 2.8 டன். குளிர் சற்றுக் குறைந்து ஈரம் ஏறிய பனியாக இருந்தால் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஆண்டுக்கு 2 மீட்டருக்கும் மேல் பனி விழுகிற ஊரில் இதை மண்வெட்டி போன்ற அந்தத் தள்ளுவாரியால் மாப்பிள்ளை தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து உன் அம்மா பட்ட வேதனையை நான் அறிவேன். ஆகவே இயந்திரம் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் அளவைத் தீர்மானிப்பது அந்த 1000 சதுர அடி அன்று. பாதை சாலையைத் தொடுகிற கடைசி மூன்று நான்கு அடிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் பாதையைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே வந்த பிறகு மாநகராட்சியின் பனி தள்ளும் வண்டி வரும்; சாலையில் கிடந்த பனியை எல்லாம் ஒதுக்கி, உங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். நான் அதன் அருகில் போய் நின்று பார்த்தேன். முற்றத்தில் விழுந்த பனி கையில் அள்ளினால் பறக்கிறது. இந்த வரப்பு சாம்பல் நிறத்தில், சாலையில் தூவிய உப்பும் மணலும் கலந்து, தேங்காய் அளவில் பனிக்கட்டி உருண்டைகள் புதைந்து, தள்ளுவாரியின் நுனியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் உறைந்து இறுகிவிடும். எந்த இயந்திரம் வாங்கினாலும் அது இந்த வரப்பை உடைக்க வேண்டும். உடைக்காவிட்டால் கார் வெளியே போகாது. மீதிப் பாதை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

நீ சொன்ன 18 அங்குல இயந்திரம் ஒரு கட்டம் உள்ளது. அதில் ரப்பர் விளிம்பு வைத்த துடுப்புகள் தரையைத் தொட்டுக்கொண்டு சுழலும். பனியை வாருவதும் அதே துடுப்பு, வீசுவதும் அதே துடுப்பு. எடை குறைவு, திருப்புவது எளிது, தரையை வழித்து எடுக்கும். 15, 20 சென்டிமீட்டர் வரை விழுந்த இலகுவான பனிக்கு அது நல்ல இயந்திரம்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறுகிய வரப்பின்மீது அதைத் தள்ளினால் உள்ளே நுழையாமல் மேலே ஏறித் துள்ளும். ஈரப் பனியிலோ வீச்சு குறைந்து, காலடியிலேயே கொட்டும். மேலும் உங்கள் வீட்டின் பக்கவாட்டில் கொட்டகைக்குப் போகும் வழி சரளைக்கல் பாவியது. தரையைத் தொட்டுச் சுழலும் துடுப்பு அந்தக் கற்களையும் வாரி வீசிவிடும். பேரன் விளையாடுகிற இடத்தில் அது கூடவே கூடாது.

இரண்டு கட்ட இயந்திரத்தில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னால் இருக்கும் இரும்புத் திருகு மெதுவாகச் சுழன்று பனியை உடைத்து நடுவுக்கு இழுத்துக் கொடுக்கும். அதன் பின்னால் நம் தண்ணீர் மோட்டாரில் இருப்பதைப் போன்ற இம்பெல்லர் ஒன்று வேகமாகச் சுழன்று, வந்து சேர்ந்ததை மேல்நோக்கிய குழாய் வழியாக 30 அடிக்கும் அப்பால் வீசும். வீடுகளுக்கு வந்ததற்கு வெகுகாலம் முன்பே, 1925இல், உங்களுக்குப் பக்கத்து மாநிலமான கியூபெக்கின் ஆர்தர் சிக்கார் என்பவர் சாலைகளுக்காக இத்தகைய இயந்திரத்தை லாரியோடு சேர்த்து உருவாக்கினார். உடைப்பதற்கு ஒரு பகுதி, வீசுவதற்கு வேறொரு பகுதி என்று வைத்ததால்தான் இறுகிய பனிக்கும் இது ஈடுகொடுக்கிறது. திருகு தரையைத் தொடாது. இருபுறமும் உள்ள ஸ்கிட் ஷூ என்னும் தகடுகள்தாம் தரையில் சறுக்கிப் போகும். தார்ப்பாதையில் திருகு தரையை ஒட்டி வரும்படி அவற்றை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். சரளைக்கல் வழிக்குப் போகுமுன் திருகு கற்களுக்கு மேலே நிற்கும்படி அவற்றை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று கட்டம் என்று இன்னொரு வகையும் விற்கிறார்கள். உங்கள் பாதைக்கு அது தேவையில்லை.

அப்படியானால் மாப்பிள்ளை சொல்லும் 30 அங்குலம் ஏன் வேண்டாம்? அதுவும் இரண்டு கட்டம்தானே என்பார். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 20 அடி என்பது 240 அங்குலம். 24 அங்குல இயந்திரத்துக்கு 10 வரிசை. 30 அங்குலத்துக்கு 8 வரிசை. ஒவ்வொரு வரிசையும் முந்தையதன்மீது கொஞ்சம் ஏற வேண்டும் என்பதால் இரண்டிலும் ஒன்றிரண்டு கூடும். ஆகப் பெரிய இயந்திரத்தால் மிச்சமாவது இரண்டு மூன்று வரிசை நடை, அதாவது 100 முதல் 150 அடி தூரம். இந்த மிச்சத்துக்காக ஏறத்தாழ 90, 100 கிலோ எடையோடு முடிய வேண்டியதை 130 கிலோவுக்கும் மேல் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. தானாக நகரும் சக்கரம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வரப்பில் சிக்கி நிற்கும்போதும், பாதையின் முனையில் திருப்பும்போதும், என்ஜின் கிளம்பாமல் கராஜுக்குள் தள்ளும்போதும் அந்த எடை முழுவதும் இயக்குபவரின் கையில்தான் வந்து நிற்கும்.

அந்தக் கை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியம். மாப்பிள்ளை வேலை நிமித்தமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். பனி அவர் இருக்கும் நாள் பார்த்து விழப்போவதில்லை. காலை ஆறு மணிக்கு இருட்டில், பேரனைப் பள்ளிக்கு அனுப்பி நீயும் வேலைக்குப் போக வேண்டிய நாளில், அதை வெளியே எடுத்து ஓட்டப்போகிறவள் நீ. உன் உயரத்துக்கும் உன் தோள் வலுவுக்கும் அடங்குகிற இயந்திரமே உங்கள் வீட்டுக்குச் சரியான அளவு. ஆகையால் கடையில் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்க வேண்டியவளும் நீதான். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும். கைப்பிடிக்கு அடியில் விசை வைத்து, அழுத்தியதும் அந்தப் பக்கச் சக்கரத்தை விடுவித்துத் திருப்ப உதவும் வசதி உள்ள மாடலாகக் கேள். விளக்கோ, கை சூடாக்கும் வசதியோ இல்லாவிட்டாலும் இந்த ஒன்று இருக்க வேண்டும்.

என்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகலம் கூடக்கூட ஒரே நேரத்தில் வாய்க்குள் நுழையும் பனியும் கூடும். 30 அங்குல வாய்க்கு 250 சிசி என்ஜின் திணறுகிற இடத்தில், அதே என்ஜின் 24 அங்குல வாயை வைத்துக்கொண்டு முனகாமல் வேலை செய்யும். 24 அங்குலத்தில் 200 முதல் 250 சிசி வரை கிடைக்கின்றன. விலை கட்டுப்படியானால் மேல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை என்ஜினுக்குக் கொடுங்கள். கயிறு இழுத்துக் கிளப்புவதோடு, வீட்டு மின்சாரத்தில் செருகிப் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியும் இருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் கயிறு இழுப்பது எளிதன்று. ஆயிலும் குளிரில் கெட்டிப்படாத வகையாக, கையேட்டில் சொன்னதையே ஊற்ற வேண்டும். பெரும்பாலும் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள்.

பேட்டரியில் சத்தம் இல்லை, புகை இல்லை என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. இரண்டு கட்டத்திலேயே பேட்டரி இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் லித்தியம் பேட்டரி குளிரில் தன் கொள்ளளவைக் குறைத்துக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வது அதற்கே கேடு என்பதால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். பாதி வரப்பு கிடக்கும்போது சார்ஜ் தீர்ந்தால் அன்று காலை நீ வேலைக்குப் போக முடியாது. சிறிய பாதை என்றால் நானே பேட்டரியைத்தான் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போதே ஷியர் பின் ஒரு பாக்கெட் உபரியாக வாங்கிக்கொள். நம் ஊர் வள்ளங்களில் மாட்டும் சிறிய அவுட்போர்டு என்ஜினில், விசிறி பாறையில் அடித்தால் என்ஜின் பிழைக்கட்டும் என்று ஒரு பின் மட்டும் ஒடிந்து கொடுப்பதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். இங்கும் அதே ஏற்பாடுதான்: பனிக்கட்டியோ, பனிக்குள் கிடந்த செய்தித்தாள் கட்டோ திருகில் சிக்கினால், கியர் பெட்டி உடையாமல் இந்தப் பின் ஒடியும். ஒடிந்த இடத்தில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை மாட்டவே கூடாது; அடுத்த முறை போல்ட் நிற்கும், கியர் பெட்டி போய்விடும். அந்த மாடலுக்கு உரிய பின்னையே போட வேண்டும்.

இனி சொல்வதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. குழாயில் பனி அடைத்துக்கொண்டால், எந்த அவசரமானாலும் கையை உள்ளே விடக் கூடாது. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, சுழற்சி முழுவதும் நின்ற பிறகு, கூடவே வரும் குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். நின்றுபோன என்ஜினிலும் திருகில் முறுக்கு மிஞ்சியிருக்கும். அடைப்பு விலகிய கணத்தில் அது ஒரு திருப்பு திரும்பும், விரல் போவதற்கு அது போதும். கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்துக்கூட என்ஜினை ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் வீட்டுக்குள் ஏறும். இயந்திரம் ஓடும்போது பேரன் வீட்டுக்குள் இருக்க வேண்டும், சன்னலில் நின்று பார்க்கட்டும். காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை; வாடையையும் கொண்டலையும் சோழகத்தையும் பார்த்து வளர்ந்தவள், எதிர்காற்றில் வீசினால் பனி யார் முகத்துக்குத் திரும்பும் என்று அறிவாய். சாலையின் மேல் வீசக் கூடாது. அண்டை வீட்டார் கார் பக்கமும் கூடாது.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று. என்ஜினை முழு வேகத்தில் வைத்து, நடையைத்தான் குறைக்க வேண்டும். வரப்புக்கு வந்ததும் மிக மெதுவான கியரில், பாதி அகலம் பாதி அகலமாகக் கடித்துக்கொண்டு போ. பெரிய புயல் நாளில் முழுவதும் விழட்டும் என்று காத்திராமல் நடுவே ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் எடுத்தால், 24 அங்குலம் எதற்கும் பின்வாங்காது. முதல் பனிக்கு முன்பே பாதையின் இரு ஓரத்திலும் குச்சிகளை நட்டுவை. பிறகு பூச்செடியும் புல்தரையும் எங்கே என்று தெரியாது.

பங்குனி சித்திரையில் பனி முடிந்ததும் தொட்டியில் பெட்ரோலை வைத்துக்கொண்டு மூலையில் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்து துளைகளை அடைக்கும். அடுத்த குளிரில் கிளம்பாத இயந்திரங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. தொட்டியைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கடைக்குப் போகுமுன் கராஜில் காரை நிறுத்தி, காருக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று டேப் வைத்து அளந்துகொள். கைப்பிடியோடு சேர்த்து ஏறத்தாழ 5 அடி நீளம் வரும். அகலம் 24 அங்குலத்தைவிடச் சற்றுக் கூடும். காரை நகர்த்தாமல் இயந்திரத்தை வெளியே எடுக்க முடிய வேண்டும். அளவுகளையும், மாப்பிள்ளை பார்க்கும் 24 அங்குல மாடல்களின் கையேடுகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். கியர் பெட்டி வார்ப்பிரும்பா அலுமினியமா, பின் என்ன அளவு என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன். ஒரு பெரிய பனி விழுந்துவிட்டால் கடையில் 24 அங்குலம் இருக்காது, மிஞ்சியதைத்தான் தலையில் கட்டுவார்கள். ஆகவே இந்த வார இறுதியிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
அப்பா