வெயில் எச்சரிக்கைப் பட்டியலில் எங்களையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி வெயில் தொடங்கினால் யாரெல்லாம் வெளியே போகக்கூடாது என்று உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடும். முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள். எல்லாம் சரி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களை மட்டும் எந்த வருடமும் காணோம். வெயில் வந்தால் முதலில் விழுவது நாங்கள்தான்.

அரசுத் தாள்களில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று போடுகிறார்கள், எங்களுக்குள் எம்.எஸ். என்றாலே போதும். மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பு இழைகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடுகிறது. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் வரும், பெண்களுக்கு அதிகம். உறை போன நரம்பு சூட்டில் செய்தியைச் சரியாகக் கடத்தாது. சிலருக்கு உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கும், கால் இழுக்கும், நாக்கு குழறும். உடலை வருத்தி வேலை செய்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார், சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தும் நோயைக் கண்டுபிடித்தார்களாம். அந்தத் தொட்டியில்தான் நாங்கள் மே மாதம் முழுக்க இருக்கிறோம்.

புதிதாக இந்த நோய் வந்தவர்கள் பயப்படாமல் இருக்க ஒன்று சொல்ல வேண்டும். சூட்டினால் வரும் தொல்லை உடம்பு குளிர்ந்ததும் இறங்கிவிடும், அதனால் நரம்புக்குப் புதிய சேதம் கிடையாது. ஆனால் புதிய அறிகுறி ஒன்று, காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமலே, 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது வெயில் வேலை இல்லை, நோய் திரும்பத் தாக்கியிருக்கலாம், உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சும்மா வெயிலுக்குத்தான் என்று இருந்துவிடுபவர்களும் உண்டு, நோய் திரும்பத் தாக்கும்போது போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு ஒவ்வொரு தடவையும் ஓடுபவர்களும் உண்டு.

மற்றபடி செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உடற்பயிற்சியை விட்டுவிடக் கூடாது, அதை விடிகாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கழுத்தில் ஈரத்துண்டு, பக்கத்தில் ஃபேன், நடுநடுவே ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர். ஐஸில் இறங்க வேண்டாம், சிலருக்குக் குளிரிலும் கால் விறைத்துக்கொள்ளும். அப்புறம், இதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, சிறுநீரை அடக்க முடியாது என்பதால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறோம். அதனால் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சல் வந்து, அந்தக் காய்ச்சல் சூட்டிலேயே கால் மடங்கிவிடுகிறது. உறவுக்காரர்கள் அன்பாகச் சொல்லும் ஆவிக்குளியல், சூடான எண்ணெய் ஒத்தடம் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. மரத்துப்போன காலில் சூடு வைத்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் எம்.எஸ்.-உம் ஒன்று. முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் பாதிப்பு என்று சான்றிதழ் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு, ஏ.சி. அறையில், பத்தடி நடந்து காட்டச் சொல்லி அளந்தால் அந்த 40 எங்கிருந்து வரும்? அதே ஆள் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யாரும் அளப்பதில்லை. பார்த்தால் நல்லாத்தானே இருக்கீங்க என்று சான்றிதழ் முகாமில் என்னிடமே ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பார்த்த நேரம் அப்படி. வெயிலில் என்ன ஆகிறது என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுப்பதையும் சேர்த்துப் பார்த்துச் சான்று கொடுத்தால் போதும், வேறு சலுகை கேட்கவில்லை.

கடைசியாக உங்களால் முடிந்த ஒன்று. எங்களில் பலர் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகள் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான் போடும் கிளாட்டிராமர் கொஞ்ச நாள் வெளியே தாங்கும் என்கிறார்கள், அதுவும் 30 டிகிரி வரைக்கும்தான், மே மாதம் திருச்சி வீட்டுக்குள் அந்த 30-க்கு எங்கே போவது! அதனால் உங்கள் நாளிதழில் நான் முதலில் படிப்பது மின்தடை அறிவிப்பு. சில நாள் அது மின்தடை அன்று காலையில்தான் வருகிறது. முந்தின நாளே போட்டுவிட்டால் ஐஸ் பெட்டி தயார் செய்துகொள்ளவும், ஃபேன் உள்ள இடமாகப் பார்த்துப் பகல் பொழுதைக் கழிக்கவும் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.