கொழும்பு மழையும் மகளிர் உலகக் கிண்ணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் 2ஆம் திகதி நவி மும்பையில் தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்று இந்திய மகளிர் கிரிக்கெட் அணி முதன்முறையாக உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியதைப் பத்திரிகைகள் யாவும் பக்கம் பக்கமாகக் கொண்டாடின. இறுதிப் போட்டியில் ஷஃபாலி வர்மா பெற்ற 87 ஓட்டங்களும், தீப்தி சர்மா வீழ்த்திய ஐந்து விக்கெட்டுகளும், அரையிறுதியில் அவுஸ்திரேலியாவின் 338 ஓட்டங்களைத் துரத்தியபோது ஜெமிமா ரொட்ரிகஸ் ஆட்டமிழக்காமல் குவித்த 127 ஓட்டங்களும் அந்தப் பாராட்டுக்கு முற்றிலும் தகுதியானவை. ஆயினும் இத்தொடரை இந்தியாவுடன் சேர்ந்து நடத்திய நம் நாட்டில் நடந்ததைப் பற்றி, ஆரவாரம் அடங்கிய பின்னரும் எவரும் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை.

கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்துக்கு 11 ஆட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் ஐந்து மழையால் முடிவின்றிக் கைவிடப்பட்டன. ஒக்டோபர் 4இல் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் மோதவிருந்த ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. நியூஸிலாந்துக்கு எதிராக நம் அணி 50 ஓவர்களையும் ஆடி 258 ஓட்டங்களைப் பெற்றது. நிலக்ஷிகா சில்வா 28 பந்துகளில் 55 ஓட்டங்களை விளாசி ஆட்டமிழக்காமல் நின்றார். எதிரணி துடுப்பெடுத்தாட வராமலேயே ஆட்டம் முடிந்துபோனது.

எல்லாவற்றிலும் கொடுமையானது ஒக்டோபர் 15ஆம் திகதி ஆட்டம். ஒருநாள் போட்டிகளில் இங்கிலாந்தை அதுவரை ஒருமுறையேனும் வென்றிராத பாகிஸ்தான் மகளிர் அணி, தலைவி பாத்திமா சனாவின் நான்கு விக்கெட்டுகளின் துணையுடன், 31 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் இங்கிலாந்தை 9 விக்கெட்டுகளுக்கு 133 ஓட்டங்களுக்குள் மடக்கியது. மழை குறுக்கிடும்போது இலக்கை மாற்றிக் கணிக்கும் டக்வேர்த் லூயிஸ் முறைப்படி இலக்கு 113 ஆனது. பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி 34 ஓட்டங்களை எடுத்திருந்த வேளையில் மீண்டும் மழை கொட்டியது. இரண்டாவது இன்னிங்ஸில் 20 ஓவர்களாவது வீசப்படாமல் முடிவு அறிவிக்க விதியில் இடமில்லை என்பதால், கைக்கெட்டிய சரித்திர வெற்றி ஆளுக்கொரு புள்ளியாகப் பங்கிடப்பட்டது. பாகிஸ்தான் இத்தொடரில் பெற்ற மூன்று புள்ளிகளும் இப்படி மழையால் கிடைத்தவையே. இலங்கையின் ஐந்து புள்ளிகளிலும் மூன்று அவ்வாறு வந்தவைதாம்.

இயற்கையை யார் தடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒக்டோபரும் நவம்பரும் இலங்கையில் இடைப்பருவ மழைக்காலம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியுடன் கொட்டும். வானிலை அறிவிப்புகளில் வரும் ‘பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர்’ என்ற தொடரை அறியாதவர் இத்தீவில் இருக்க முடியாது. அப்படியிருக்க, இங்கே ஆட்டங்களைப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்க முடிவுசெய்தவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சி ஒளிபரப்பு நேரத்தைத்தான் பார்த்தார்கள் என்பது என் ஊகம். மைதானம் முழுவதையும் விரிப்புகளால் மூடப் பழகிய நம் ஊழியர்கள் நனைந்தபடியே அவற்றை இழுத்துப் போட்டதையும், மழை விட்டதும் சுருட்டியதையும், சற்று நேரத்தில் மறுபடி விரித்ததையும் பார்த்தவர்களுக்கு, குறை அவர்களிடம் இல்லை என்பது நன்கு தெரியும். இத்தொடருடன் ஒருநாள் போட்டிகளுக்கு விடைகொடுக்கவிருந்த நியூஸிலாந்துத் தலைவி சோஃபி டிவைனும் ஆட்டங்களை முன்னதாகத் தொடங்கலாமே என்றுதான் கேட்டார்.

மழையால் தடைப்பட்டால் மறுநாள் ஆடுவதற்கென லீக் ஆட்டங்களுக்கு மேலதிக நாள் ஒதுக்காதது மகளிருக்கு மட்டும் இழைக்கப்பட்ட பாரபட்சம் என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஆடவர் உலகக் கிண்ணத்திலும் அரையிறுதிகளுக்கும் இறுதிப் போட்டிக்கும் மட்டுமே அந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் மழை எந்த மாதத்தில் எந்த நேரத்தில் வரும் என்பது தெரிந்த ஊரில் விதியை அப்படியே வைத்துக்கொண்டது பொறுப்பின்மை. இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் சபைகளிடையேயான உடன்பாட்டின்படி பாகிஸ்தானின் ஏழு ஆட்டங்களும் கொழும்பிலேயே நடந்தாக வேண்டியிருந்ததால், நம் அணியைப் போலவே அந்த அணியும் அதிகமாக மழையிடம் சிக்கியது. பரிசுத் தொகையை 2022இல் இருந்த 35 இலட்சம் டொலரிலிருந்து ஒரு கோடியே 38 இலட்சத்து 80 ஆயிரம் டொலராக உயர்த்திய சர்வதேச கிரிக்கெட் பேரவைக்கு, சில மேலதிக நாட்களுக்கான செலவு பெரிதாக இருந்திருக்காது.

உரிய மாதத்தில் நடத்தினால் இந்நாட்டில் மகளிர் கிரிக்கெட் எப்படி அமையும் என்பதை 2024 ஜூலையில் தம்புள்ளையில் கண்டோம். ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் 165 ஓட்டங்களை, சமரி அத்தபத்துவின் 61 ஓட்டங்களுடனும் ஹர்ஷிதா சமரவிக்ரமவின் ஆட்டமிழக்காத 69 ஓட்டங்களுடனும் எட்டு விக்கெட்டுகளால் வென்றபோது, மைதானத்தில் திரண்டிருந்த கூட்டம் கலைய மனமின்றி நின்றது.

2029 மகளிர் உலகக் கிண்ணத்தில் அணிகளின் எண்ணிக்கை எட்டிலிருந்து பத்தாக உயரவிருக்கிறது. ஆட்டங்கள் கூடும்போது மேலதிக நாட்களுக்கான இடம் இன்னும் குறையும் என்பதால், அட்டவணை வரையப்படும் முன்னரே இதைப் பேசியாக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலதிக நாள் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தால், அங்கே நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டுமாவது மறுநாளை ஒதுக்கி, தொடக்க நேரத்தைக் காலை 10 மணிக்கு மாற்றினால் போதும். இலங்கை கிரிக்கெட் நிறுவனமும் இனிமேல் எந்தத் தொடரை நடத்தச் சம்மதிக்கும் முன்பும் இவ்விரண்டையும் நிபந்தனையாக எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
கிரிக்கெட் வாசகர் ஒருவர்,
கொழும்பு